ரேணுகாவின் தூக்கம்

ரேணுகா தூங்கிவிட்டாள். வந்து உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மடியில் கைப்பை, கைப்பையின் மேல் இருபத்து மூன்று என்று எழுதிய மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை, அதன் மேல் கோத்து வைத்த இரண்டு கைகள், அவ்வளவுதான், கண் மூடிக்கொண்டது. பக்கத்து நாற்காலியில் திலகவதி தன்னுடைய இருபத்து நாலாம் வில்லையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லைநகரில் ஒரு மருந்துக்கடையின் மாடி. உடம்பு இளைக்க வைக்கும் டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் உட்காரும் கூடம். காலை பதினொரு மணி. மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சிட்டது. எதிர் வரிசையில் ஒரு குழந்தை, மிதித்தால் விளக்கெரியும் செருப்பைத் தரையில் தட்டித் தட்டி எரியவிட்டுக்கொண்டிருந்தது. உள்ளறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கார அம்மாள், பத்தொம்பது, பத்தொம்பது யாரு, என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். இத்தனைக்கும் நடுவில் ஒருத்தியால் எப்படித் தூங்க முடிகிறது என்று திலகவதிக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதுகூடச் சரியில்லை, பொறுக்கவில்லை. நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டு மாடியில் ரேணுகாவின் விளக்கு அணைந்ததைக் கீழே இருந்தே பார்த்தாள். காலை ஐந்தேகாலுக்குப் படியிறங்கி வந்தவளின் கன்னத்தில் தலையணை மடிப்பு கோடு போட்டிருந்தது. முழுசாகத் தூங்கி எழுந்தவளுக்கு மறுபடியும் எதற்கு? பசியே இல்லாத ஒருவர் பந்தியில் உட்கார்ந்து இன்னொரு இலை கேட்கிற மாதிரி இருந்தது. ரேணுகாவின் தலை மெல்ல இந்தப் பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது, கடைசியில் திலகவதியின் இடது தோளில் வந்து அமர்ந்துகொண்டது. கேட்காமல் கொள்ளாமல். தேங்காயெண்ணெய் மணமும் பவுடர் மணமும் சேர்ந்து வந்தன. உடம்பில் பன்னிரண்டு கிலோ குறைந்தவளின் தலை மட்டும் இவ்வளவு கனக்கிறதே என்று நினைத்தாள். தோளை நகர்த்தவில்லை.

பன்னிரண்டா பதினொன்றா, இன்றைக்கு மெஷினில் ஏறினால் தெரியும். போன மாசம் பத்தரை. ஐந்து மாசம் முன்னால் இரண்டு பேரும் ஒரே நாளில், இதே கூடத்துக்கு, ஒரே ஆட்டோவில்தான் வந்தார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள், உறையூரில் ஒரே வீடு, மூத்தவர் மாணிக்கவாசகமும் திலகவதியும் கீழே, இளையவர் ஞானசேகரும் ரேணுகாவும் மாடியில். போகலாமா அக்கா என்று கேட்டது ரேணுகாதான். திலகவதிக்கு முழங்கால் வலி, சர்க்கரை எல்லைக்கோட்டில், பத்து கிலோ இறக்காவிட்டால் முட்டியில் கத்தி வைக்கத்தான் வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். ரேணுகாவுக்கு ஒன்றும் இல்லை. பழைய ரவிக்கை நுழைய மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் அவளுடைய வியாதி. ஒரே டாக்டர், ஒரே சீட்டு. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, மீதியெல்லாம் காய், சாயங்காலம் சுண்டல், ராத்திரி ஏழரைக்குள் இரண்டு சப்பாத்தி. ஒரே மாவில் சுட்ட இட்லி. ஒரே தெரு, விடியற்காலையில் மாரியம்மன் கோயில் வரை போய்த் திரும்புகிற ஒரே நடை. அதிலும் திலகவதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தெரு கூட நடப்பாள். எண்ணெயை ஸ்பூனில் அளந்தது அவள். சர்க்கரை டப்பாவைப் பரணில் ஏற்றியது அவள். ரேணுகா என்ன செய்தாள், வைகாசியில் கரூர்க் கல்யாணத்தில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஜிலேபி தின்றாள், ஒன்றில்லை இரண்டு, விரலையும் நக்கிக்கொண்டாள், ஒரு நாள்தானேக்கா என்றாள். அந்த மாசமும் அவளுக்கு இரண்டு கிலோ குறைந்தது. திலகவதிக்கு இருநூறு கிராம். ஐந்து மாசத்துக்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு கிலோ. இரண்டு கிலோ என்பது ஒரு பெரிய பூசணிக்கீற்று. பார்த்தால் தெரியாது. ரேணுகாவைப் பார்த்தால் தெரிகிறது. கழுத்தெலும்பு தெரிகிறது. கையில் வளையல் இறங்கி இறங்கி முழங்கை வரை ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரேணுகா மாடிக்குப் போன பிறகு, மாணிக்கவாசகம் ரசத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னார், பொண்ணு நல்லா இளைச்சுட்டா, கல்யாணமாகி வந்தப்ப இருந்த மாதிரியே இருக்கா. வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் வந்தப்ப இருந்த மாதிரியே என்று சொல்ல வேண்டுமானால், வந்தபோது எப்படி இருந்தாள் என்று மனசில் இருக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக இருக்கிறது. அப்படியானால் திலகவதி வந்தபோது எப்படி இருந்தாள் என்று இருக்கிறதா? கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார், அல்லது யோசிப்பார். யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. வந்தப்ப இருந்த மாதிரியே. ரசத்தைக் கலக்கிக்கொண்டே. இருபது, இருபது வாங்க, என்றாள் கண்ணாடிக்கார அம்மாள்.

சாப்பாட்டு நோட்டு ஒன்று எழுத வேண்டும். தின்றதையெல்லாம், ஒரு வாய் சர்பத் ஆனாலும், மணி போட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். திலகவதியின் நோட்டு பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற நோட்டு மாதிரி இருக்கும், அடிக்கோடு போட்டு, சிவப்புப் பேனாவில் தேதி. அந்த நோட்டில் இல்லாத ஒரு வேளை இருந்தது. ராத்திரி இரண்டு மணி. பத்தரைக்குப் படுத்து, பக்கத்தில் அவர் குறட்டை ஆரம்பித்து, பதினொன்றரை, பன்னிரண்டு என்று எப்படியோ கண் அசரும். சரியாக இரண்டுக்கு யாரோ தோளைத் தொட்ட மாதிரி முழிப்பு வரும். கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் ஒன்று ஐம்பத்தெட்டு, இரண்டு மூன்று, அதற்குமேல் தவறாது. பிறகு தூக்கம் இல்லை. கைப்பேசியிலேயே யாரோ வெண்டைக்காய் நறுக்குவதையும் யாரோ வீட்டைப் பெருக்குவதையும் பார்த்துக்கொண்டு கிடப்பாள். வயிறு கேட்க ஆரம்பிக்கும். பகல் பூராவும் அடங்கிக் கிடந்த வயிறு, அந்த நேரத்தில் குழந்தை மாதிரி அழும். இட்லி வேண்டாம், காய் வேண்டாம், அதற்கு வேண்டியதெல்லாம் வேறு. எழுந்து சமையலறைக்குப் போய் விளக்குப் போடாமல் நின்றபடியே தின்பாள். அவருக்கென்று வாங்கி வைத்த மிக்சர், ரஸ்க், சில நாள் பரணில் கை விட்டு எடுத்த சர்க்கரை ஒரு பிடி. ருசி பார்த்துத் தின்பதில்லை, கடகடவென்று, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பது போல. பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து படுத்தால் நாலு மணிக்கு இன்னொரு முழிப்பு. ஐந்தேகாலுக்கு மாடிப் படியில் செருப்புச் சத்தம், அக்கா ரெடியா. ரெடிதான். அவள் எப்போது ரெடியாக இல்லாமல் இருந்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. தின்பதைச் சொல்ல வெட்கம், தூங்காததைச் சொல்ல அதைவிட வெட்கம், ஏனென்றால் சொன்னால் ரேணுகா ஏதாவது யோசனை சொல்வாள். ஒரு தரம் சொன்னாள். அசதியாக இருக்கிறது, சரியாகத் தூங்கவில்லை என்று நடையின்போது வாய்தவறி வந்துவிட்டது. கண்ண மூடிக்கிட்டுப் பேசாம படுத்தா வந்துடும்க்கா, என்றாள் ரேணுகா. பணக்காரர்கள் பணத்தைப் பற்றிப் பேசுவது இப்படித்தான் இருக்கும். பாலில் ஜாதிக்காய் இழைத்துக் குடித்தாயிற்று, உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தாயிற்று, ஆயிரத்திலிருந்து பின்னால் எண்ணியாயிற்று, எண்ணூற்றுச் சொச்சத்தில் கணக்குத் தப்பி, தப்பிய கோபத்தில் இன்னும் முழித்துக்கொண்டாயிற்று.

தோளில் ரேணுகாவின் மூச்சு ஒழுங்காக வந்து போனது. உதடு கொஞ்சம் பிரிந்திருந்தது. புருவத்துக்கு நடுவில் ஒரு சுருக்கம் கிடையாது, நாற்பத்தோரு வயசில். எப்படி இருக்கும்? இவள் தூங்கிக்கொண்டிருந்த வருஷங்களில் கீழே யார் முழித்திருந்தார்கள்? அத்தை, இரண்டு பேருக்கும் மாமியார், பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷம் கிடந்தாள். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. அலாரம் வைத்தது முதல் மாசம் மட்டும்தான், பிறகு உடம்பே அலாரம் ஆகிவிட்டது. அத்தையின் அறையில் தரையில் பாயைப் போட்டுக்கொண்டு, இருமினால் எழுந்து, முனகினால் எழுந்து, முனகாவிட்டால் பயந்து எழுந்து, மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து. மூன்று வருஷத்தில் அத்தை முதுகில் ஒரு கொப்புளம் கிடையாது. பார்க்க வந்த டாக்டர் இரண்டு மகன்களையும் கூப்பிட்டு, இந்தம்மா கையைக் கண்ணுல ஒத்திக்குங்க என்றார். அப்போது மாடியில் ரேணுகா தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை போய் நாலு வருஷம் ஆகிறது. மூத்த மருமகள் என்று ஊரே புகழ்ந்தது, பதினாறாம் நாள் காரியத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள், எல்லாம் முடிந்தது. தூக்கத்தை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தது தன்னுடையது, வாங்கிக்கொண்டது எல்லாரும், அதில் இவளும் ஒருத்தி, இதோ தோளில் சாய்ந்து, தன் பங்குக்கு மேலேயும் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்த முதல் வாரம். அந்த முதல் வாரத்துக்கு வரும்போதெல்லாம் மனசு வேகமாக வேறு எதற்கோ தாவிவிடும், மிதித்தால் விளக்கெரியும் செருப்புக்கு, மின்விசிறிக்கு, அம்மாளின் குரலுக்கு. இருபத்திரண்டு, என்றாள் அம்மாள். தடியாக ஒருவர் எழுந்து உள்ளே போனார். அடுத்தது நாங்கள் என்று நினைத்து, நாங்கள் இல்லை, அவள், என்று திருத்திக்கொண்டாள். அவள் முதலில் போய் மெஷினில் ஏறுவாள். டாக்டரின் குரல் கதவு வழியே வெளியே கேட்கும், வெரி குட் ரேணுகா. அதைக் கேட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், ஐந்து மாசமாக அப்படித்தான். வெளியே வந்து, எவ்வளவு என்று கேட்டால், கொஞ்சம்தான்க்கா என்பாள். அந்தக் கொஞ்சம்தான்க்காவில் இருக்கிற இரக்கம்தான் எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாதது.

தடியானவர் வெளியே வந்தார். இருபத்தி மூணு, என்றாள் கண்ணாடிக்கார அம்மாள். திலகவதி திரும்பி ரேணுகாவைப் பார்த்தாள். எழுப்ப வேண்டியதுதான். தோளை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டால் போதும். அடுத்த நொடி செய்யப்போகிறோம் என்றுதான் நினைத்தாள். இருபத்தி மூணு இருக்காங்களா? கூடத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் வில்லையைப் பார்த்துக்கொண்டார்கள். திலகவதியும் தன்னுடையதைப் பார்த்தாள், இருபத்து நாலு, நிச்சயமாக இருபத்து நாலு. ரேணுகாவின் வில்லை அவள் கைக்கு அடியில் மறைந்திருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, தோள் வழியாக அந்தத் தலைக்குக் கேட்டுவிடுமோ என்று பயம் வந்தது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, கடைசியில் கூப்பிடுவார்கள், ஒரு மணி நேரம் காத்திருப்பாள், காத்திருக்கட்டுமே, ஒரு மணி நேரம் முழித்திருக்கட்டும். இந்த நினைப்பு வந்ததும் உடம்பில் ஒரு சூடு பரவியது, ராத்திரி சர்க்கரை வாயில் கரையும்போது வருகிற அதே சூடு. மூணாந்தடவை கூப்பிடுறேன், இருபத்தி மூணு. வரலையா, சரி, இருபத்தி நாலு. நான்தான், என்றாள் திலகவதி. எழுந்துகொள்ள வேண்டுமே. ரேணுகாவின் தலையை இரண்டு கையாலும் தாங்கி, தன்னுடைய கைக்குட்டையை மடித்துச் சுவரில் வைத்து, அதன் மேல் மெதுவாகச் சாய்த்து வைத்தாள். அத்தையின் தலையைத் தலையணையில் வைத்த அதே பக்குவம். எதிரே செருப்புக் குழந்தையின் அம்மா பார்த்துவிட்டு, என்ன பாசம் என்பது போலச் சிரித்தாள். திலகவதியும் பதிலுக்குச் சிரித்தாள்.

மெஷினில் எண்பத்தொன்று புள்ளி நாலு என்று வந்தது. போன மாசத்தைவிட அறுநூறு கிராம் கூடுதல். டாக்டர் மெஹருன்னிசா சத்தம் போடுகிறவர் இல்லை, ஐம்பது வயசுக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். திலகவதி பார்த்துக்கொண்டிருந்தாள், சிவப்புத் தேதிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. இந்த நோட்டுல இருக்கறதை மட்டும் சாப்பிட்டா எடை ஏறாதே, என்றார் டாக்டர், கோபமில்லாமல். பிறகு, சாப்பாட்டை விடுங்க, எத்தனை மணி நேரம் தூங்குறீங்க, என்று கேட்டார். ஐந்து மாசத்தில் யாரும் கேட்காத கேள்வி. நல்லாத்தான் தூங்குறேன் என்று சொல்ல வாய் திறந்தாள். வெளியே ஒருத்தி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பது கண்ணில் வந்தது. மூணு மணி நேரம் இருக்கும் டாக்டர், என்றாள், விட்டு விட்டு. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டு மணி முழிப்பு, மிக்சர், ரஸ்க், சர்க்கரை, நோட்டில் எழுதாதது, எல்லாம் வந்தது. டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளை நன்றாகப் பார்த்தார். அது நாக்கோட தப்பு இல்லைங்க, என்றார். தூக்கம் கெட்டால் பசியைக் கிளப்புகிற சுரப்பு கூடுகிறது, போதும் என்று சொல்கிற சுரப்பு குறைகிறது, உடம்பு இனிப்பையும் எண்ணெயையும் தேடுகிறது. இரண்டு பேர் ஒரே அளவு சாப்பாட்டைக் குறைத்தாலும், சரியாகத் தூங்காதவருக்குக் கொழுப்புக் கரைவது கம்மியாகத்தான் இருக்கும், கரைவதிலும் சதை நிறையப் போய்விடும், சர்க்கரையும் ஏறும். இரண்டு பேர் என்று டாக்டர் சொன்னபோது திலகவதிக்கு யார் இரண்டு பேர் என்று தெரிந்தது. ஒரே மாவு, ஒரே தெரு. அப்படியானால் அவள் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறாள், எல்லாம் செய்திருக்கிறாள், தோற்றது வேறு இடத்தில். சந்தோஷப்பட வேண்டுமா அழ வேண்டுமா என்று தெரியவில்லை. டாக்டர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே பேசினார். மத்தியானத்துக்கு மேல் காப்பி கூடாது. பகலில் படுத்தால் அரை மணிக்கு மேல் கூடாது. கைப்பேசி படுக்கையறைக்குள் வரவே கூடாது, மணி பார்க்கவும்தான், கடிகாரம் இருந்தால் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும். ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், வெயில் முகத்தில் படும்படி நடக்க வேண்டும். தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையில் கிடந்து போராடக்கூடாது, எழுந்து வந்து மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்கார வேண்டும், கண் சொருகும்போது மட்டும் திரும்பிப் போக வேண்டும், சமையலறைப் பக்கம் மட்டும் வேண்டாம். ஒரு மாதம் செய்யுங்கள், சரியாகவில்லை என்றால் தூக்கத்துக்கென்றே ஒரு டாக்டரிடம் எழுதித் தருகிறேன் என்றார். பிறகு பேனாவை மூடப் போனவர், அதென்ன சரியா ரெண்டு மணி, என்றார்.

"அத்தையைத் திருப்பிப் போடணும்" என்றாள் திலகவதி. யோசிப்பதற்குள் வந்துவிட்டது.

அத்தைக்கு எத்தனை வயசு, இப்போது எப்படி இருக்கிறார் என்று டாக்டர் கேட்டார். அவங்க போயி நாலு வருஷம் ஆச்சு, என்றாள். டாக்டர் மூடப் போன பேனாவைத் தாளின் மேல் வைத்தார். வெளியே மின்விசிறி கிறீச்சிடுவது இங்கேயும் கேட்டது.

"ராத்திரியில நீங்க ஒருத்தர்தான் பாத்துக்கிட்டீங்களா? வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"யாரும் இல்லை டாக்டர்."

தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது ரேணுகா முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திலகவதியின் கைக்குட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தாள். நம்பர் போயிடுச்சாம்க்கா, கடைசில கூப்பிடுறாங்களாம், என்றாள். நீ அசந்து தூங்கினே, எழுப்ப மனசு வரலை, என்று திலகவதி சொன்னாள். ரேணுகா சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அவ்வளவுதான், முடிந்தது. திலகவதி பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் இல்லை டாக்டர். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, இரண்டு மணிக்கு முழிப்பு வருகிற மாதிரி தானாக வந்தது, நாலு வருஷமாக, ஏழு வருஷமாக, எல்லாரிடமும் அப்படித்தான் வந்திருக்கிறது. யாரும் இல்லை, நான் ஒருத்திதான். இந்தத் தடவை மனசுக்குத் தாவ இடம் இல்லை. செருப்புக் குழந்தை போய்விட்டிருந்தது. அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த முதல் வாரம் ரேணுகா தலையணையையும் போர்வையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க போயிப் படுங்க. அன்றைக்குத் திலகவதி தன் அறையில் படுத்தாள், தூங்கினாள்கூட, நன்றாகவே தூங்கினாள். விடிந்து காப்பியோடு போனபோது அத்தை முகத்தில் ஒரு தெளிவு. கோணிய வாயால், வார்த்தை வார்த்தையாக, ரேணு கை மெத்துனு இருக்கு, என்றாள் அத்தை. பஞ்சு மாதிரி. இருபது வருஷம் அந்த வீட்டில் உழைத்த கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. காப்பி டம்ளரைப் பிடித்திருந்த தன் கையைத் திலகவதி பார்த்தாள், காய்த்துப்போன, பாத்திரப்பொடி ஏறிய கை. அதற்கு மறுநாள் ரேணுகா தலையணையோடு வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, வேண்டாம் ரேணு, அத்தைக்கு என் கைதான் பழக்கம், நீ திருப்பினா வலிக்குதாம், என்றாள். வலிக்குதாம் என்றாள். ரேணுகாவின் முகம் சின்னதாகிப்போனது. அப்படியே திரும்பிப் படியேறிப் போனாள். அதற்கு மறுநாள் படிக்கட்டில் பாதி வரை வந்து நின்றாள். பிறகு வரவில்லை. அத்தையைத் தனக்கே வைத்துக்கொண்டாள் திலகவதி, மூன்று வருஷம், பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஒரு தடவையையும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு அதையே திருப்பி, அவள் தூங்கினாள் நான் முழித்தேன் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லி, சொல்லிச் சொல்லி அது நிஜமாகவே ஆகிவிட்டது. பக்கத்தில் ரேணுகா கைக்குட்டையின் ஓரத்தைப் பிரித்து மறுபடி மடித்தாள். இருபத்தெட்டு, என்றாள் அம்மாள். கூடத்தில் இன்னும் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். இப்போதும் சொல்லாமல் இருக்கலாம். எழுப்ப மனசு வரலை என்பது நல்ல வாக்கியம், காலாகாலத்துக்கும் நிற்கும்.

"நம்பர் கூப்பிட்டது கேட்டுச்சு ரேணு. மூணு தடவை கூப்பிட்டாங்க. வேணும்னுதான் எழுப்பலை."

ரேணுகா திரும்பவில்லை. "தெரியும்க்கா" என்றாள். "முதல் தடவை கூப்பிட்டப்பவே முழிச்சுட்டேன்."

திலகவதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது இடது தோள் முழுக்கச் சில்லிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டதெல்லாம் கேட்டிருக்கிறது. இரண்டு கையால் தலையைத் தாங்கி, கைக்குட்டை மடித்து வைத்தது, குழந்தையின் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அவள் பார்த்திருக்கிறாள். பின்னே ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டாள்.

"நீங்க எழுப்புவீங்கன்னு இருந்தேன்" என்றாள் ரேணுகா. கொஞ்சம் பொறுத்து, "அத்தை இருந்தப்பவும் அப்படித்தான். மாடியில படுத்துக்கிட்டு, நீங்க கூப்பிடுவீங்க கூப்பிடுவீங்கன்னு முழிச்சுக்கிட்டே கிடப்பேன். ரெண்டு மணிக்குக் கீழ லைட் போடுறது தெரியும். ஒரு மாசம், ஒன்றரை மாசம் இருக்கும். அப்புறம் தூங்கப் பழகிக்கிட்டேன்."

திலகவதி எதையாவது சொல்ல நினைத்தாள். அத்தை வலிக்குது என்று சொல்லவில்லை, மெத்துனு இருக்கு என்றுதான் சொன்னாள் என்று சொல்ல வேண்டும். ஏழு வருஷமாக இவளுக்குச் சேர வேண்டிய ஒரு வார்த்தை, இவளிடம் கொடுக்காமல் வைத்திருந்த ஒரே ஒரு வார்த்தை. சொன்னாள். அத்தை சொன்ன மாதிரியே, பஞ்சு மாதிரி என்பதையும் விடாமல் சொன்னாள். ரேணுகா கேட்டுக்கொண்டாள். கைக்குட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, குனிந்து, தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. அவள் எப்போதும் சொல்கிற அந்தப் பரவாயில்லைக்காவுக்காகத் திலகவதி காத்துக்கொண்டிருந்தாள், அது வரவில்லை, வராதது ஒரு விதத்தில் நன்றாக இருந்தது. கூடம் காலியானது. கண்ணாடிக்கார அம்மாள் வில்லைகளை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, தூங்கின அம்மா வாங்க, என்றாள். ரேணுகா எழுந்து புடவையை நீவிவிட்டுக்கொண்டாள்.

"ராத்திரி முழிப்பு வந்தா உன்னைக் கூப்பிடட்டுமா?" என்று திலகவதி கேட்டாள்.

ரேணுகா நின்று யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"கூப்பிடுங்க" என்றாள். "ஆனா ஒரு தடவை கூப்பிட்டா எந்திரிப்பேனான்னு தெரியலை. விடாம கூப்பிடணும்."